வீடுகளில்லாத தரை

காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும் என் கணவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அந்தப் பையனை நான்தான் கொன்னேனா?"

பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரலில் கேட்பார். அழுதுகொண்டு கேட்டிருந்தால் கட்டிக்கொண்டு ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். இப்படிக் கேட்கிற மனுஷனுக்கு என்ன சொல்வது? "விசாரணை முடியட்டுங்க" என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கேள்வி.

அவர் விமானி. ஒற்றை இன்ஜின் வைத்த சின்னச் சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கிளம்பி ஓடுபாதையைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே இன்ஜின் நின்றுவிட்டது. விமானத்தைத் திருப்பி, கிளம்பிய பாதைக்கே கொண்டுவரப் பார்த்திருக்கிறார். பாதையை எட்டுவதற்குள் சுற்றுச்சுவரில் மோதி விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானி, மீசைகூட ஒழுங்காக முளைக்காத பையன், அங்கேயே போய்விட்டான். இவர் இடுப்பு எலும்பு முறிந்து, மண்டையில் அடிபட்டுப் பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் நினைவிலிருந்து துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது.

இன்ஜின் நின்றால் திரும்பாதே, நேராகப் போய்க் கிடைத்த இடத்தில் இறக்கு என்பதுதான் அவர்களுக்குப் பாடம். இவர் ஏன் திருப்பினார், நேராகப் போயிருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பானா, இதைத்தான் விசாரணைக் குழு முடிவு செய்ய வேண்டும். இதற்கு உதவக்கூடிய இரண்டு மேதாவிகள் என் வீட்டிலேயே இருந்தார்கள். அதை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

ஒருவன் என் அண்ணன். இன்னொருவன் என் கொழுந்தன், என் கணவரின் தம்பி. விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிமுலேட்டர்களைச் செய்கிற ஒரே நிறுவனத்தில் இரண்டு பேருக்கும் வேலை. சிமுலேட்டர் என்றால் தரையை விட்டு நகராத ஒரு விமான அறை. உள்ளே உட்கார்ந்து ஓட்டினால் பறப்பதுபோலவே இருக்கும். அதில் அண்ணனுக்குக் காற்றும் எடையும்தான் தெய்வம். அவன் யந்திரத்தில் விமானம் நிஜ விமானம் மாதிரியே கனக்கும், தடுமாறும், விழும். ஆனால் வெளியே பார்த்தால் சாம்பல் நிறத் தரை, வெளிறிய வானம், ஓடுபாதைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். கொழுந்தனுடையது நேர்மாறு. விபத்து நடந்த ஓடுபாதைக்கு நேரே உள்ள குடியிருப்பில் தெருத்தெருவாக நடந்து போட்டோ எடுத்து, ஒவ்வொரு வீட்டையும் உள்ளே கொண்டுவந்துவிட்டான். மொட்டை மாடியில் காயும் துணி, தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்து வைத்த நீல பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் இருந்தது. ஆனால் அவன் விமானம் பரம சாது. எப்படி ஒடித்துத் திருப்பினாலும் கோபப்படாது, மிதந்துகொண்டே வந்து இறங்கும்.

இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. சொந்தக்காரர்கள் என்று பெயர், வீட்டு விசேஷத்தில்கூட ஒருவரையொருவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

விஷயம் எனக்கே புரிந்தது. நேரே போனால் வீடுகள். திரும்பினால் உயரம் போதாது. அவருக்கு வழியே இருக்கவில்லை. இதைக் காட்ட வீடுகளும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்குங்கள் என்று இரண்டு பேரிடமும் கெஞ்சினேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றான் அண்ணன். "அவனோட துணிக்கொடியையும் நாற்காலியையும் என் மெஷின்ல ஏத்தினா கணக்கு திணறிப்போகும். கணக்கு ஒரு நொடி பிசகினாலும் அது விமானம் இல்ல, கார்ட்டூன்."

"அண்ணி, அவர்கிட்ட பாக்கறதுக்கு என்ன இருக்கு? சிமெண்ட் தரை" என்றான் கொழுந்தன். "குழுவுல இருக்கறவங்க கொட்டாவி விடுவாங்க. என்னோடதைப் பாத்தா ஒரே பார்வையில புரிஞ்சிடும். எங்க அண்ணனை நான் விட்டுடுவேனா?"

இரண்டு பேரும் அவரைக் காப்பாற்றத்தான் துடித்தார்கள். ஆனால் காப்பாற்றியது தானாக இருக்க வேண்டும். கடைசியில் ஆளுக்கொரு யந்திரத்தைத் தயார் செய்து வைத்தார்கள்.

குழு, விமான நிலையத்தை ஒட்டியிருந்த பயிற்சி நிலையத்துக்கே வந்தது. தலைவர், ஒரு விமானி, குறிப்பெடுக்க ஒருவர். சொந்தக்காரர்கள் யந்திரத்தைத் தொடக்கூடாது, குழுவின் விமானிதான் ஓட்டுவார் என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பேசக்கூடாது என்றார்கள். என் கணவர் வரவில்லை. வந்தாலும் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

முதலில் கொழுந்தனுடையது. இன்ஜின் நின்றது. நேரே வீடுகள். குழுவின் விமானி நேராகவே கொண்டுபோனார். மாடிகளும் துணிகளும் முகத்தில் வந்து மோதுவதுபோல வந்ததும் தலைவர் "ஐயோ" என்றே சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"திரும்பி வந்தா என்ன ஆகும்? அதையும் பாத்துடலாமே" என்றார் தலைவர்.

கொழுந்தன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதற்குள் விமானி திருப்பிவிட்டார். அந்தப் பரம சாது விமானம் அழகாக வளைந்து, வீடுகளுக்கு மேலே மிதந்து, ஓடுபாதையின் நடுக்கோட்டில் வந்து இறங்கியது.

"பாதையில டயர் தேய்ஞ்ச தடம்கூட இருக்கே, பிரமாதம்!" என்றார் தலைவர்.

அந்த நேரத்திலும் கொழுந்தன் "தேங்க்ஸ் சார்" என்று பல்லைக் காட்டினான். அதை இந்த ஜென்மத்தில் நான் மன்னிக்கமாட்டேன்.

அடுத்து அண்ணனுடையது. விமானி திருப்பினார். பாதித் திருப்பத்திலேயே விமானம் நடுங்கி, ஒரு பக்கமாகச் சரிந்து, கல்லாய் விழுந்தது. மறுபடி செய்தார், மறுபடி விழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"சரி, நேரா போங்க" என்றார் தலைவர்.

விமானி நேராகப் போனார். சாம்பல் தரை. மெதுவாக இறக்கி, கொஞ்ச தூரம் உருட்டி நிறுத்தினார். பின்னால் இருந்த எனக்கே ஒரு குலுக்கலும் தெரியவில்லை.

"சார், அங்க வீடு இருக்கு!" என்று கத்தினான் அண்ணன்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைக் கூர்ந்து பார்த்தார். "எங்க இருக்கு? இதுல ஒண்ணும் இல்லையே?"

"அவரோட மெஷின்ல இருக்கு சார்."

"அவரோட மெஷின்ல திரும்பி வர முடியுதே."

நான் எழுந்து நின்று கரடியாய்க் கத்தினேன். அங்கே வீடு இருப்பது உங்களுக்குத் தெரியாதா, ஜன்னலைத் திறந்தால் தெரியுமே என்றேன். தலைவருக்குக் கோபம்கூட வரவில்லை. "உங்க வேதனை புரியுதும்மா. ஆனா ரெண்டுமே அங்கீகாரம் வாங்கின மெஷின். அதுல என்ன தெரியுதோ அதைத்தான் நாங்க எழுத முடியும்" என்றார். அவர்கள் எழுதியது இது: விமானிக்கு இரண்டு வழிகள் இருந்தன, நேராக இறக்கியிருக்கலாம், திரும்பியும் வந்திருக்கலாம், இரண்டையும் கெடுத்துக்கொண்டது விமானியின் தவறு. ஒரு வழி இருந்து தவறவிட்டிருந்தாலாவது பரவாயில்லை. வழியே இல்லாதவருக்கு இரண்டு வழி கொடுத்துக் கொலைகாரர் ஆக்கிவிட்டார்கள் என் வீட்டு ஆண்கள்.

முடிவு வந்த அன்று காலையில் அவர் வழக்கம்போலக் கேட்டார். "இல்லைங்க" என்றேன். பேப்பரில் வேறு மாதிரி போட்டிருந்தது. அவருக்குக் கண் நன்றாகவே தெரியும்.

அதற்குப் பிறகு மேதாவிகள் இரண்டு பேருக்கும் ரோஷம் வந்தது. ஒன்றாக உட்கார்ந்து, அண்ணனின் யந்திரத்தில் கொழுந்தனின் வீடுகளை ஏற்றினார்கள். கணக்கு திணறவே இல்லை. வெண்ணெய்போல ஓடியது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டதாக போனில் சொல்லிச் சிரித்தார்கள். முதல்முறையாக 'சார்' இல்லாமல் பேசிக்கொண்டார்கள். என் வாயில் என்னென்ன வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. குழுவோ, விசாரணை முடிந்துவிட்டது, இனித் திறக்க முடியாது என்று பதில் சொல்லிவிட்டது. போகட்டும், இவராவது பார்க்கட்டும் என்று அழைத்துக்கொண்டு போனேன்.

அவரே ஓட்டினார். பெடலை மிதிக்க இடுப்பு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். நேராகப் போனார், வீடுகளில் மோதினார். திருப்பினார், சரிந்து விழுந்தார். எவ்வளவு பக்குவமாகத் திருப்பினாலும் சுவரைத் தாண்ட முடியவில்லை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? எந்தப் பக்கம் போனாலும் சாவுதான். உங்க தப்பு எதுவுமே இல்ல."

"இப்ப ஓட்டினது யாரு மச்சான்?"

"நீங்கதான்."

"அன்னைக்கு?"

அண்ணன் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப இதுல என்ன தெரியுது? எனக்கு ஓட்டத் தெரியலன்னுதானே தெரியுது?"

உடனே ஓடிப்போய், அங்கே இருப்பவர்களிலேயே கெட்டிக்காரப் பயிற்சியாளரைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அவரும் விழுந்தார். எத்தனை முறை முயன்றாலும் விழுந்தார். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாராலயும் முடியாது சார்" என்றார்.

என் கணவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக விட்டுக்கொடுத்தீங்க. நல்ல மனசு உங்களுக்கு" என்றார்.

"அண்ணா, மெஷின் பொய் சொல்லாதுண்ணா" என்றான் கொழுந்தன்.

"படம் போட்டது நீ. கணக்குப் போட்டது என் மச்சான். எனக்குச் சாதகமாத்தானே காட்டும்? அந்தக் குழுவுல இருக்கறவங்க யாரு எவருன்னே தெரியாது. என்மேல அவங்களுக்கு என்ன பகை?"

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். அவர் மடியில் கைத்தடியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனை மாதமாக இவருக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன், எத்தனை பேர் காலைப் பிடித்தேன்! உண்மையைக் கையில் கொண்டுவந்து கொடுத்தால், கருணை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்.

"அந்தப் பையனை நான்தான் கொன்னேனா?" என்றார்.

காலையிலேயே ஒருமுறை கேட்டாகிவிட்டது.

"ஆமா" என்றேன். "நீங்கதான் கொன்னீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சுருக்கம் விட்டுப்போனதைப் பார்த்தேன்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். தலையை சீட்டில் சாய்த்தார். அடுத்த தெரு திரும்புவதற்குள் லேசாகக் குறட்டை கேட்டது. சிக்னலில் வண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தேன். குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.