ராமாமணிக்காக வேண்டிக்கொண்டவர்கள்

தொண்ணூற்று மூன்றாம் வருசம் ஐப்பசி மழையில் ராமாமணிக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. கை வைத்தால் அலறினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டைபாய்டு குடலில் ஓட்டை போட்டுவிட்டது, உடனே அறுக்க வேண்டும், ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டி வா, பிழைப்பாளா என்று இப்போது கேட்காதே என்றார் டாக்டர்.

அவள் புருஷன் ராசப்பன் கேட்கவில்லை. பொதுவாகவே அவன் எதையும் யாரிடமும் கேட்கிற ஆள் இல்லை. சிங்காநல்லூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. அங்கே இருக்கிற சத்தத்தில் பேசியும் பிரயோசனமில்லை. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் ராமாமணி பேசிவிடுவாள். இப்போது அவளே பேச்சில்லாமல் கிடந்ததால் அவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பட்டறைக்குப் போன் போட்டு, “ரத்தம் வேணுமாமாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அதுவே போதுமானதாக இருந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் வெல்டிங் கடை வைத்திருந்த அக்பர் அலி, ஷட்டரை இழுத்து மூடி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் மெட்டடார் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ரத்தம் கொடுத்துவிட்டு, கையை மடக்கியபடி ராசப்பனிடம் வந்தார்.

“இன்னைக்கிருந்து அம்மணிக்கு நாங்களும் ரத்த ஒறம்பரைதானுங்க. நாளைக்கு ஊட்ல கோவமா ஏதாச்சும் பேசுனாங்கன்னா, அது எங்க ரத்தம் பேசுதுன்னு பொறுத்துக்கோங்க.”

ராசப்பன் தலையை ஆட்டினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று பார்ப்பதற்குள் ராமாமணியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

உயிர் பிழைத்தாள். ஆனால் வெகுநாளைக்கு வாய்வழியாக ஒன்றும் கூடாது, அதற்கப்புறமும் கஞ்சித்தண்ணிதான் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு சனங்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. சோறு இல்லாமல் உடம்பு எப்படித் தேறும்? அரிசிம்பருப்பு சோறு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு என்று தூக்குப்போசிகள் வந்தபடி இருந்தன. நர்ஸ் எதையும் உள்ளே விடவில்லை. கொண்டுவந்தவர்கள் முகம் வாடக்கூடாது என்று ராசப்பன் வராந்தாவில் உட்கார்ந்து அத்தனையையும் சாப்பிட்டான். நன்றியைக் காட்ட அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. உள்ளே ராமாமணி நாளுக்கு நாள் மெலிந்தாள். வெளியே ராசப்பனுக்குச் சட்டைப் பொத்தான் சேரவில்லை.

அறுத்த நாளிலிருந்தே தினமும் வந்தவள் அடுத்த வீட்டுப் பங்காரம்மா. அவளுக்கும் ராமாமணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ராமாமணியின் கோழி பங்காரம்மா வீட்டு விறகு அடுக்கில் முட்டை வைத்ததில், முட்டை யாருக்கு என்று வந்த தகராறு. கோழி செத்தே வருசக்கணக்காகிவிட்டது. சண்டை மட்டும் திடமாக இருந்தது.

பங்காரம்மா அதை மறந்துவிட்டு வரவில்லை. பேசாமலேயே வந்தாள். ராமாமணிக்குத் தலை சீவிவிட்டாள், துணி மாற்றினாள், கால் பிடித்துவிட்டாள். சொல்ல வேண்டியதை மட்டும் ராசப்பன் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“இன்னொரு மடக்கு குடிக்கச் சொல்லுங்க தம்பி.”

“போதும்னு சொல்லுங்க” என்பாள் ராமாமணி சன்னமாக.

“பாதி டம்ளர்ல போதும்னா ஆச்சாமா? கேட்டுச் சொல்லுங்க.”

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்த அவர்களுக்கு நடுவே நின்று ராசப்பன் இப்படியும் அப்படியும் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணமானதிலிருந்து அவன் இவ்வளவு பேசியதில்லை.

தை பிறந்ததும் ராமாமணி வீட்டுக்கு வந்தாள். மகள் அன்புச்செல்வியை அத்தனை நாளும் வைத்துப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுக் கோபாலசாமியிடமிருந்து தொடங்கி, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிடுவது என்று ராசப்பன் கிளம்பினான்.

“ஏனுங்ணா, நீங்க செஞ்சதுக்கு…” என்று அவன் ஆரம்பித்தான்.

“அதை உடுங்க தம்பி. பழனிக்கு எப்பப் போறீங்க?” என்றார் கோபாலசாமி.

“பழனிக்குங்களா?”

“அம்மணி பொழச்சா மொட்டையடிக்கறதா வேண்டிக்கிட்டனுங்க.”

“உங்களுக்குங்களா?”

கோபாலசாமி தன் வழுக்கையைத் தடவினார். “எனக்கு எங்கீங்க இருக்குது? உங்க தலைதானுங்க.”

இப்படித்தான் மற்ற வீடுகளிலும். நன்றி சொல்லப் போன இடத்திலெல்லாம் ஒரு வேண்டுதல் கிடைத்தது. லைன் வீடு முழுக்க ராமாமணிக்காகச் சாமிகளிடம் வாக்குக் கொடுத்திருந்தது. அதில் பாதி ராசப்பன் உடம்பில் நிறைவேற வேண்டியது. பங்காரம்மா மட்டும் அவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

“சென்னிமலைப் படியேறி வர்றதா வேண்டியிருக்கறனுங்க. நானும் அந்தம்மாளும். சொல்லிப்போடுங்க” என்றாள்.

ராமாமணி வீட்டுக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “வாரேன்னு சொல்லுங்க” என்றாள்.

உடம்பு கொஞ்சம் தெம்பானதும் மூவரும் புறப்பட்டார்கள். ராசப்பனுக்கு அதற்குள் பழனி முடிந்திருந்தது. மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். ராமாமணி ஒவ்வொரு படியாக, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஏறினாள். பங்காரம்மா ஒரு படி பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் வந்தாள். முடியாமல் போனது ராசப்பனுக்குத்தான். ஆஸ்பத்திரியில் தின்ற சோறெல்லாம் ஒன்றுசேர்ந்து கீழே இழுத்தது. கால்வாசி மலையில் நெஞ்சு அடித்துக்கொள்ள, உட்கார்ந்துவிட்டான். பெண்கள் இருவரும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவன் ஏறிப்போனபோது, ஒரு மண்டபத்து நிழலில் இருவரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ராமாமணி ஏதோ சொல்ல, பங்காரம்மா அவள் முழங்காலில் தட்டி எதிர்த்துப் பேசினாள். நடுவில் சொல்ல ஆள் இல்லாததால் நேராகவே பேசிவிட்டார்கள் போலிருக்கிறது. இருவருமே அழுதிருந்தார்கள். ராசப்பன் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

“என்னுங்க?” என்றான் பயந்துபோய்.

“ஒண்ணுமில்லீங்க” என்றாள் ராமாமணி. “என்னைய அறுக்கறப்ப நீங்க சுவத்தைப் பாத்து நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதீங்களாமா. அக்கா சொன்னாங்க.”

அங்கே யாரும் பார்க்கவில்லை என்று அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.

“தூசி விழுந்துருச்சுங்க” என்றான்.

“ரெண்டு கண்ணுலயுங்களா?” என்று கேட்டாள் பங்காரம்மா. பிறகு ராமாமணியைப் பார்த்து, “எந்திரி புள்ள, நடை சாத்திப்போடுவாங்க” என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

சன்னதியில் நின்றபோது ராசப்பனுக்குத் தனக்கென்று கேட்க எதுவும் தோன்றவில்லை. அக்பர் அலி என்றான். கோபாலசாமியண்ணன் என்றான். பங்காரம்மாக்கா என்றான். ரத்தம் கொடுத்த பட்டறை ஆட்களை ஒருவர் விடாமல் சொன்னான். பெயர் தெரியாத நர்ஸை அந்த உயரமான நர்ஸம்மா என்று அடையாளம் சொன்னான். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவனுக்கு இன்னும் பல பெயர்கள் பாக்கியிருந்தன.