ஏழாம் கல்லில் நின்ற தண்ணீர்

"சங்கிலி எடுக்கிற வித்தையையும் சொல்லித்தாரும், சிமியோன்!"

வாசிகசாலையின் பின்வாங்குப் பலகையில் இருந்து குரல் வந்தது. சிரிப்பு முன்வாங்கு வரை ஓடிவந்து, அங்கே நின்றுவிட்டது. முன்வாங்கில் வாசிகசாலைத் தலைவர் அருளம்பலம் இருந்தார். பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி குணலட்சுமி. அவள் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. வெறும் மஞ்சள் கயிறு.

மூன்று மாதமாக அந்தக் கயிறுதான் சிமியோனைக் கள்ளன் என்று இணுவில் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது.

1992, ஆடி மாதம், ஞாயிறு பின்னேரம் நாலு மணி. யுத்தத்தால் மின்சாரம் நின்று இரண்டு வருடம். ரேடியோவுக்குப் பற்றறி இல்லை. பத்திரிகையோ கொப்பித் தாளில் வந்தது. வாசிக்கக் கால்மணித்தியாலம் போதும். அதனால் நமசிவாயம் மாஸ்டர் ஒரு வழக்கம் தொடங்கியிருந்தார். ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் வந்து, தான் செய்த வேலையைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும். போன கிழமை, கப்பலில் பதினாறு வருடம் பாண் சுட்டவர். அதற்கு முதல், ரயிலுக்குக் கரி அள்ளிப்போட்டவர்.

இன்று சுழியோடி.

குருநகர்ச் சிமியோன் கடலில் சங்கு குளித்தவர். கடலுக்குத் தடை வந்தபிறகு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய், கிணற்றில் விழுந்த வாளியும் தோடும் எடுத்துக் கொடுத்தார். சித்திரையில், தவறி விழுந்த குணலட்சுமியின் தாலிக்கொடியைத் தேடி, அருளம்பலத்தின் கிணற்றில் இறங்கினார். அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. முகத்துக்கு நேரே கள்ளன் என்றாலாவது மறுமொழி சொல்லலாம். ஒருவரும் சொல்லவில்லை. படலையைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

பேச வருகிறவருக்கென்று முன்னால் போட்ட இந்தக் கதிரை இன்னொரு தரம் கிடைக்காது. அது சிமியோனுக்குத் தெரியும்.

"முதலிலை கடலைப் பற்றிக் கதையும்," என்றார் மாஸ்டர் அவசரமாக.

"கடல் எங்கையும் போகாது, மாஸ்டர். தம்பி கேட்டது சங்கிலியை." சிமியோன் கைகளை முழங்காலில் வைத்தார். "கடலிலை நாலு பக்கத்தாலையும் வெளிச்சம் வரும். கிணத்துக்கை வெயில் உச்சிக்கு வாற அரை மணித்தியாலம்தான். இறங்க முன்னம் நான் ரெண்டு வேலை செய்வன். ஒண்டு, சிலுவை போடுறது. மற்றது, மேல் கட்டிலையிருந்து தண்ணி வரைக்கும் கல்லு வரிசையை எண்ணுறது."

"அதேன்?" என்றார் மாஸ்டர்.

"மூச்சு முட்டி ஏறேக்கை கண் தெரியாது. எத்தனையாம் கல்லிலை பிடிக்கிறது எண்டு கைக்குத் தெரியவேணும். ஐயா வீட்டுக் கிணத்திலை ஏழாம் கல்லிலை தண்ணி நிண்டது."

அருளம்பலம் சால்வையைச் சரிசெய்தார்.

"மூண்டாம் தரம் கொடியைக் கண்டன். தண்ணிக்குக் கீழை ஒரு பாகம், ஓர் ஆள் உயரம். வெளியிலை துருத்தின ஒரு கல்லின்ரை சொண்டிலை கொழுவி நிண்டது. கிட்டப் போகச் சேறு கிளம்பிச்சு, வெயிலும் சரிஞ்சுபோச்சு. கண்மண் தெரியாமல் இழுத்தால் அடிப்பாறை வெடிப்புக்கை விழும். பிறகு கீரிமலைக் கடலிலைதான் தேடவேணும். நாளைக்கு மத்தியானம் எடுத்துக் கையிலை தாறன் எண்டு அம்மாவிட்டைச் சொன்னன்."

"ஓம். சொன்னவர்," என்றாள் குணலட்சுமி. குரல் அவளுக்கே கேட்டிராது.

"அடுத்தநாள் போனன். கொடி இல்லை."

"அதுதானே தெரிஞ்ச கதை!" என்றது பின்வாங்கு.

"தெரியாததைச் சொல்லுறன், தம்பி. அண்டைக்கும் கல்லை எண்ணினன். ஒன்பது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. மாஸ்டருக்கு மட்டும் விளங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு இரவிலை தண்ணி ரெண்டு கல்லு இறங்கியிருந்தது. துலாக்கயிறு ஈரம். வாழையடி சேறு. ஏன் ஐயா இறைச்சனியள்?"

"எங்கடை கிணறு, எங்கடை வாழை," என்றார் அருளம்பலம். "இறைப்பம். உமக்கென்ன?"

"வாழைக்கு எண்டால் சரி. மாசியிலை உங்கடை மருமகன் இறங்கி வாளி எடுத்தவராம். அண்டைக்கும் இறைச்சனியளோ?"

அருளம்பலம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூண்டு மாசம் ஏன் வாய் திறக்கேல்லை?" என்று கேட்டார் மாஸ்டர்.

"எப்பிடித் திறக்கிறது? நான் இறங்கின தண்ணி தீட்டு எண்டு இறைச்சு ஊத்திப்போட்டினம் எண்டோ? அதை என்ரை வாயாலை சொல்ல வெக்கமாயிருந்தது. கள்ளன் எண்ட பேர் அதைவிடப் பரவாயில்லை எண்டு நினைச்சன்." சிமியோன் நிறுத்தினார். "இப்ப பள்ளிக்கூடத்திலை என்ரை மகளைக் கள்ளன்ரை பெட்டை எண்டு கூப்பிடுகினம்."

குணலட்சுமி எழுந்தாள்.

"உதிலை இரும்!" என்றார் அருளம்பலம்.

அவள் இருக்கவில்லை. "நான்தான் இறைப்பிச்சனான். சாமிக்கு வைக்கிற தண்ணி எண்டு. பொழுதுபட நூற்றெட்டு வாளி, விடியவும் நூற்றெட்டு. பக்கத்திலை நிண்டு எண்ணினன்." மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றினாள். "வாளியைத்தான் எண்ணினன். வாளிக்குள்ளை பார்க்கேல்லை."

பத்து நிமிடத்தில் வாசிகசாலை முழுவதும் அருளம்பலத்தின் வளவுக்குள் நின்றது. சிமியோன் மட்டும் படலைக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி. கிணற்றடியில் இருந்து வாய்க்கால் போய், மூன்றாம் வாழைக்குட்டியடியில் பள்ளமாக விழுந்தது. ஒருவன் மண்வெட்டியை ஓங்கினான்.

"வேண்டாம், கொடி அறுந்துபோகும்!" குணலட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். வெறுங்கையால் தோண்டினாள். ஒரு சாண். ஒன்றுமில்லை. இன்னும் அரைச் சாண். நகத்துக்குள் மண் ஏறி இரத்தம் கசிந்தது. சிமியோன் வேலிக்கு மேலால் அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை நின்றது. வாழை வேரோடு சுற்றிக்கொண்டு, சேறு அப்பியபடி கொடி வந்தது.

அருளம்பலம் படலையடிக்கு வந்தார்.

"ஏதோ பிழைபட்டுப்போச்சு, சிமியோன். உள்ளை வாரும். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"தேத்தண்ணி வேண்டாம் ஐயா. கள்ளன் எண்ட கதை குருநகர் வரைக்கும் வந்திட்டுது. உந்தத் தேத்தண்ணி உங்கடை படலையைத் தாண்டாது. வாற ஞாயிறு அந்தக் கதிரையிலை இருந்து நீங்கள் சொல்லுங்கோ. நடந்ததை, உங்கடை வாயாலை."

"நானோ? தலைவரோ?"

சிமியோன் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வாங்குகள் போதவில்லை. நாலு மணிக்குக் கதிரை வெறுமையாக இருந்தது. நாலேகாலுக்கும் அப்படியே. அருளம்பலத்துக்குக் காய்ச்சலாம். சிமியோன் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்.

வாசிகசாலைப் படலை திறந்தது. குணலட்சுமி தனியே வந்தாள். கழுத்தில் தாலிக்கொடி. விரல் நுனிகளில் சீலைத்துண்டு சுற்றியிருந்தாள். பெண்கள் பக்கம் போகாமல் நேரே கதிரைக்குப் போய் இருந்தாள்.

"நீங்கள் செய்த வேலை என்னெண்டு..." பழக்கத்தில் தொடங்கிய மாஸ்டர் பாதியில் விழுங்கினார்.

"சொல்லுறன்," என்றாள். "சித்திரையிலை ஒரு மனுசன் மூச்சடக்கி என்ரை தாலியைத் தேடினவர். அவர் படலையைத் தாண்டினவுடனை நான் செய்த வேலையைச் சொல்லுறன்."

பின்வாங்கில் அன்று சங்கிலி வித்தை கேட்ட இளந்தாரி எழுந்து, தன் இடத்தைக் கையால் துடைத்தான்.

"அண்ணை," என்றான் வாசலைப் பார்த்து மெதுவாக, "இதிலை இருந்து கேளுங்கோ."