பியேத்ராவில் பெண் கேட்டது

பெண் கேட்க வருகிறவர்கள் பெண் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். கூடையில் ரொட்டியும் சாக்லேட்டும் ஒரு பாட்டில் மெஸ்கால் சாராயமும் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டி, உள்ளே கூப்பிடும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். இது பெண்ணின் அம்மா ஒதிலியா புதிதாகப் போட்ட சட்டம் ஒன்றுமில்லை. அவள் குடியிருக்கும் இஸ்தபலாபாவில் எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ரெஹினா அம்மாள் இருப்பது பணக்காரர்கள் பேட்டையான போலாங்கோவில். அவள் தன் மகன் எமிலியோவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு பியேத்ராவுக்கு வந்துவிடுங்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்துவிடலாம் என்று.

பியேத்ரா ரெஹினாவின் தம்பி நடத்துகிற உணவகம். அவளுக்கும் அதில் பங்கு உண்டு. மூன்று மாதம் காத்திருந்தால்தான் அங்கே மேஜை கிடைக்கும் என்று தலைநகரமே பேசிக்கொண்டது. ஒதிலியாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. தன் வீட்டுப் படியை மிதிக்க அந்த அம்மாளுக்குக் கால் கூசுகிறது என்பது மட்டும் நன்றாக ஏறியது.

ஒதிலியாவின் வீடு அவளுடைய மில்லுக்கு மேலேயே இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்து ஊறிய மக்காச்சோளத்தைக் கீழே அரைப்பாள், மேலே குடியிருந்தாள். புருஷன் போய் ஒன்பது வருஷம். அவன் இவளைக் கேட்டு வாங்கவில்லை. பதினேழு வயதில் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் இவளுடைய அப்பா சாகிறவரை இவள் முகத்தில் விழிக்கவில்லை. "என்னை யாரும் கேக்கல. என் பொண்ணையாவது வாசல்ல நின்னு கேட்டு வாங்கணும்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் இதைக் கேட்காத நாய்கூடக் கிடையாது.

மகள் மரிசோல் பல் டாக்டர். எமிலியோவின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போய் அவனையே பிடித்துக்கொண்டு வந்தவள். டாக்ஸியில் போகும்போதே கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அங்க வந்து சண்டை போடாதம்மா."

"நான் எங்கடி சண்டை போட்டேன்? சாப்பிடக் கூப்பிட்டாங்க, வரேன். பொண்ணு கேக்கறதா இருந்தா வீட்டுக்கு வரட்டும். இதுல சண்டை எங்க இருக்கு?"

பியேத்ராவில் பெயர்ப்பலகைகூட இல்லை. கறுப்புக் கல் சுவர், அதில் ஒரு கதவு. உள்ளே சுவரெல்லாம் எரிமலைக் கல், மேஜையெல்லாம் ஒரே மரத்தில் அறுத்தது, விரிப்பு கிடையாது. இவ்வளவு பணம் இருந்தும் ஒரு விரிப்பு வாங்கிப் போட வக்கில்லையா என்று ஒதிலியா நினைத்தாள். ரெஹினா எழுந்து, கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் முத்தம் கொடுத்தாள்.

"வாங்க சம்பந்தியம்மா, உக்காருங்க. அவர் மொந்தெர்ரேய்க்குப் போயிட்டாரு, வேலை. ரொம்ப வருத்தப்பட்டாரு."

மாப்பிள்ளையின் அப்பன் வரவே இல்லை! ஒதிலியாவுக்குச் சுருக்கென்றது.

"சம்பந்தம் இன்னும் ஆகலையே" என்றாள். "பேரு ஒதிலியா."

"அத்தை, மெஸ்கால் குடிக்கிறீங்களா?" என்று எமிலியோ இடையில் புகுந்தான். பாவம், நல்ல பையன். இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, வராத அடிக்கெல்லாம் குனிந்துகொண்டிருந்தான்.

முதல் தட்டு வந்தது. காசு அகலத்துக்கு ஒரு தலாகோயோ. அவரைக்காய் வடிவத்தில் தட்டி, உள்ளே பயறு வைத்து, ஒதிலியா தெருவில் கிழவிகள் கல்லில் வாட்டி விற்கிற அதே சோளப் பண்டம்தான். இங்கே அதன் தலைமேல் எறும்பு முட்டை நாலு உட்கார்ந்திருந்தது. பரிமாறுகிறவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த எறும்பு எந்தக் கள்ளிச்செடியின் வேரில் குடியிருந்தது என்பதுவரை சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒதிலியா அதை விழுங்கிவிட்டாள்.

"உங்க பக்கம் இதைத் தெருவுல வெச்சு விப்பாங்க இல்ல?" என்று ரெஹினா கேட்டாள்.

"ஆமா. அங்க வாங்கினா வயிறு ரொம்பும்."

"இங்க வயித்துக்காக யாரும் வர்றதில்லைங்க."

"தெரியுதுங்க. உங்களைப் பாத்தாலே தெரியுது."

மரிசோல் மேஜைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். அடுத்து சோளக் கதிரில் முளைக்கிற காளான் வந்தது, அதற்கடுத்து பூசணிப்பூவுக்குள் ஒளிந்துகொண்டு ஏதோ ஒரு மீன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிரசங்கம். ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் இடையில் ரெஹினா ஒரு ஊசியும் ஒதிலியா ஒரு ஊசியும் ஏற்றிக்கொண்டார்கள். நாலாவது தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு ரெஹினா துடைக்கும் துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி. முறைப்படி நான் இப்ப கேட்டுடறேன். எங்க பையனுக்கு உங்க..."

"இங்க வேணாம்" என்றாள் ஒதிலியா.

"என்னது?"

"எனக்கு ஒரே பொண்ணு. அவளுக்கு வீடு இருக்கு, வீட்டுக்கு வாசல் இருக்கு. அங்க வந்து கேளுங்க. பச்சத்தண்ணி குடுத்தாலும் உக்கார வெச்சுக் குடுப்பேன்."

"அம்மா..." என்றாள் மரிசோல்.

"நீ சும்மா இருடி."

ரெஹினா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே அறையலாம். "இஸ்தபலாபாவுக்கா? அங்க வண்டி நிறுத்தினா திரும்பி வரும்போது சக்கரம் இருக்குமா? தப்பா எடுத்துக்காதீங்க, எங்க டிரைவருக்கே அந்தப் பக்கம்னா பயம்."

ஒதிலியாவின் காது சிவந்தது. அந்த வீட்டுப் படியை அவள் தினமும் சோப்புப் போட்டுத் தேய்க்கிறவள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் மகளுடைய கல்யாணம் அதோடு நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து, பூவேலை செய்த துணியில் சுற்றிச் சோள ரொட்டி வந்தது. கருநீல நிறம், உள்ளங்கையைவிடச் சின்னது, நடுவில் ஒரு வாசனை இலையை வைத்து அழுத்தியிருந்தார்கள்.

"கலப்பில்லாத நீலச் சோளம்" என்று பரிமாறுகிறவன் ஆரம்பித்தான். "கல்லுல அரைச்சது. சோளம், சுண்ணாம்பு, தண்ணி. வேற ஒண்ணும் கிடையாது."

"எடுத்துக்கோங்க, தோன்யா ஒதிலியா" என்று பெயருக்கு முன்னால் மரியாதை சேர்த்துச் சொன்னாள் ரெஹினா. "நீங்களும் இந்தத் தொழில்தானே. நீங்க அரைக்கிறது இதுகிட்ட நிக்குமா, சொல்லுங்க பாப்போம்."

ஒதிலியா ஒன்றை எடுத்து மடித்தாள். மடிப்பில் விரிசல் விட்டது. பிய்த்து வாயில் போட்டாள். பல்லில் மாவாக ஒட்டியது. அந்த ருசி அவளுக்கு அத்துப்படி. எங்கே, எப்படி அத்துப்படி என்று ஒரு நொடி யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். கோபம் யோசிக்கவிடவில்லை.

"இது பாக்கெட் மாவு" என்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"பாக்கெட் மாவு கலந்திருக்குங்க! நாலு பிடி சோளத்துக்கு ஒரு பிடி பாக்கெட். நீலக் கலர்லயே கிடைக்குது, எந்தக் கடையில வேணும்னாலும் வாங்கலாம். கல்லுல போட்டா உப்பாது, மடிச்சா உடையும், பல்லுல ஒட்டும். எங்க தெருவுல இப்படி வித்தா பொம்பளைங்க மூஞ்சியிலயே விட்டெறிவாங்க. இதுக்கா மூணு மாசம் காத்திருக்காங்க? ஊரை ஏமாத்தற பொழப்பு!"

அவள் குரல் மெல்லிய குரல் அல்ல. மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஆறு மேஜைகள் திரும்பிப் பார்த்தன. ஒரு கிழவர் தன் கையிலிருந்த ரொட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். ரெஹினாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது. அதைப் பார்த்து ஒதிலியாவுக்கு வந்த சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்? வயிறு குளிர்ந்தது அவளுக்கு.

"எல்பாவைக் கூப்பிடு" என்றாள் ரெஹினா.

எல்பா தலைமைச் சமையல்காரி. கட்டுமஸ்தான உடம்பு, கையெல்லாம் சூட்டுத் தழும்பு, தன் அடுக்களையைக் குறை சொன்னவர்கள் யார் என்று தேடிக்கொண்டே வந்தாள். "யாரும்மா அது?"

"நான்தான். கடிச்சுப் பாரு. உன் நாக்கே சொல்லும்."

எல்பா கடித்தாள். மென்றாள். இன்னொரு துண்டைப் பிய்த்து விரலால் நசுக்கினாள். வந்த வேகமெல்லாம் வடிந்துவிட்டது.

"இந்த வருஷச் சோளமே இப்படித்தான் போலன்னு நினைச்சேன்" என்றாள் மெதுவாக. "நாலு மாசமா அரைச்ச மாவை வெளியில இருந்து வாங்கறோம். சுத்தம்னு சத்தியம் பண்ணினான், படுபாவி."

உள்ளே போய் மாவு வாளியோடு வந்தாள். மேஜை ஓரத்தில், கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் தொம்மென்று வைத்தாள். வாளியின் வாயில் மஞ்சள் பூப்போட்ட துணி ஒன்று மூடிக் கட்டியிருந்தது.

"தோன் ஃபிதென்சியோன்னு ஒரு வியாபாரி. தினம் காலையில கொண்டாந்து இறக்கறான். எந்த மில்லுன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்கமாட்டான்."

ஒதிலியா அந்தத் துணியைப் பார்த்தாள். மரிசோலின் அறையில் பத்து வருஷம் தொங்கிய திரைச்சீலை அது. அவள்தான் கிழித்து, துவைத்து, வாளிக்குக் கட்டியிருந்தாள். தன்னிடம் நீலச் சோள மாவு வாங்கிப் போகிற ஃபிதென்சியோவின் வாளிகளுக்கு மட்டும். சோள விலை ஏறிய வருஷத்திலிருந்து அந்த வாளிகளில் நாலு பிடிக்கு ஒரு பிடி பாக்கெட் மாவு போட்டு வந்தாள். தெருக்காரர்களுக்குக் கொடுக்கும் மாவில் அவள் கை வைத்ததில்லை. இது எங்கேயோ சந்தையில் தள்ளுவண்டிக்காரர்களுக்குப் போகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தாள். போலாங்கோவுக்கு வரும் என்று கனவா கண்டாள்?

மரிசோலும் துணியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். இந்த ஒரு பிடிக்காக அவள் வீட்டில் போட்ட சண்டை கொஞ்சமா?

"அந்த மில்லுக்காரியைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்றாள் எல்பா. "இந்தத் துணி ஒண்ணு போதும் எனக்கு."

ரெஹினா வாளியை ஓரமாகத் தள்ளினாள். பேசியபோது குரலில் பழைய மினுக்கு இல்லை.

"தோன்யா ஒதிலியா, உள்ளதைச் சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிக்கல. உங்க பேச்சும் பிடிக்கல. ஆனா என் தம்பி கடையில நாலு மாசமா எவளோ எங்க தலையில மிளகாய் அரைச்சிருக்கா. இங்க வந்து சாப்பிட்டவன் ஒருத்தனும் கண்டுபிடிக்கல. நீங்க ஒரே கடியில கண்டுபிடிச்சீங்க." அவள் மகனைப் பார்த்தாள். "வர்ற ஞாயித்துக்கிழமை போறோம். அப்பாவை நான் இழுத்துட்டு வர்றேன். கூடை, ரொட்டி, எல்லாம். அவங்க வாசல்ல நின்னே கேக்கறேன்."

"அம்மா!" என்று எமிலியோ துள்ளினான்.

"எல்பா, நீயும் வர்றே. அவங்க மில்லைப் பாரு. இனிமே நமக்கு மாவு அங்கிருந்துதான்."

இருபது வருஷமாகக் கேட்கக் காத்திருந்த சொல் இதுதான். ஒதிலியா அதைக் கேட்டுவிட்டு, மனதுக்குள் தன் மில்லைச் சுற்றி வந்தாள். மில்லின் மூலையில் அடுக்கிய பாக்கெட்டுகளை மறைக்கலாம். துணிகளை எரிக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் ஃபிதென்சியோவைத் தெரியாதவர்கள் யார்? எல்பா ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். மருமகளாக வரப்போகிறவளின் அம்மா திருடி என்று இந்தக் குடும்பம் பேரன் பேத்தி காலம்வரை சொல்லிக் காட்டும்.

"வேணாங்க" என்றாள்.

"என்ன வேணாம்?"

"வீட்டுக்கு வர வேணாம். இங்கயே கேளுங்க."

"இவ்வளவு நேரம் வாசல் வாசல்னு குதிச்சீங்களே?"

"குதிச்சேன். இப்ப சொல்றேன், இங்கயே கேளுங்க."

ரெஹினா அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பியது. காரணம் தனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஓ" என்றாள். "எங்களுக்கெல்லாம் காட்டற மாதிரி வீடு இல்லையா? வெட்கமா இருக்கா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே."

தினமும் தேய்த்த படிகள், மகளுக்காகச் சுண்ணாம்படித்த முன்னறை, பெண் கேட்க வருகிறவர்களை உட்கார வைக்கவென்றே வாங்கிப்போட்டு இன்னும் யாரும் உட்காராத சோபா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க" என்றாள் ஒதிலியா. "வெட்கமாத்தான் இருக்கு."

ரெஹினா எழுந்திருக்கவில்லை. மடியில் விரித்த துணியைக்கூட எடுக்கவில்லை. அடுத்த தட்டோடு வந்தவனை ஒரு விரலால் நிறுத்திவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே கேட்டாள்.

"எங்க பையன் எமிலியோவுக்கு உங்க பொண்ணு மரிசோலைக் குடுக்கறீங்களா?"

"குடுத்தேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். எமிலியோ ஓடிவந்து ஒதிலியாவைக் கட்டிக்கொண்டான். மரிசோல் அழுதுகொண்டிருந்தாள். எல்லோரும் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.