ஹெப்ரான் பெயர் இல்லாத பட்டியல்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கற்பனை, கிற்பனை என்று என்னால் தப்பிக்க முடியாது.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் ஒரு வழக்கம். அரசுத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறன்று, எழுதப்போகும் பிள்ளைகளின் பெயர்களை வாசிப்பார்கள். பெயர் கேட்ட பிள்ளை ஹால் டிக்கெட்டோடு முன்னே போய் முழங்காலிட வேண்டும். குருவானவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். பட்டியலை எழுதிக்கொடுப்பவர் பாக்கியசீலன் என்ற கணக்கு வாத்தியார். அவர் மகன் ஹெப்ரான், பத்தாம் வகுப்பு. அரையாண்டில் கணக்கில் பதினேழு மார்க்.

இந்த வருடப் பட்டியலில் வாத்தியார் தன் மகன் பெயரை எழுதவில்லை.

2

தொடக்கம் ஒன்று: 'தாமிரபரணி அன்று கலங்கி ஓடியது. அதன் கரையில்'

சீ! ஆற்றை இழுக்காமல் திருநெல்வேலிக்காரனுக்குக் கதை தொடங்க வராதோ? சபைக்கே போவோம்.

கிங்ஸ்டன் பேர் வந்தது. ஃபெபி பேர் வந்தது. ஹெப்ரான் தேய்த்த வெள்ளைச் சட்டையில், பெஞ்சு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தான். அடுத்தது தான்தான் என்று எழுந்தும் விட்டான். குருவானவர் தாளை மடித்தார். [அவன் முகத்தை இங்கே வர்ணிக்க வேண்டும். மூன்று முறை எழுதி அடித்தேன். முடியவில்லை.]

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்.

"எப்பா, என் பேரு எங்க?"

"விட்டுப்போச்சுலே."

"நீங்கதானப்பா எழுதுனிய?"

வாத்தியார் பைக் ஓட்டுவதில் கவனமாக இருந்தார்.

"அப்பம் நான் பெயிலுன்னு முடிவு பண்ணிட்டிய. பெறவு எதுக்கு எழுதணும்?"

ஞாயிறிலிருந்து அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. ஹால் டிக்கெட்டை வாத்தியார் மேசையில் வைத்துவிட்டான்.

3

வாத்தியார் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. கெட்டவரல்ல. இரண்டு வருடமாக விடியற்காலை நாலரைக்கு எழுந்து மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரே கணக்கை நான்கு தடவை பொறுமையாக, ஐந்தாம் தடவை அடிஸ்கேலால். எல்லோரும் ஜெபித்த பிறகும் பெயிலானால், 'கணக்கு வாத்தியார் மவன் கணக்குல பெயிலாம்' என்று சபை பேசுமே என்று பயந்தார். பையனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்.

இதுவரை எழுதியதை நேற்று என் மனைவி சாலோமியிடம் காட்டினேன்.

"பிள்ளையக் காப்பாத்துனாராக்கும்? தன் மானத்தக் காப்பாத்துனாருன்னு எழுதுங்க. அது கெடக்கட்டும், யாரு இந்த 'வாத்தியார்'? 'நான்'னு எழுத கை கூசுதோ?"

கூசுகிறது. நான்தான் பாக்கியசீலன்.

4

முடிவு அ: ஹெப்ரான் முப்பத்தைந்து எடுத்து (எனக்கு வேண்டிய முடிவு. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பெயிலாகி, வள்ளியூரில் மாமா கடையில் (நான் பயப்படும் முடிவு. அதையும் அடித்துவிட்டேன்.)

5

இன்றுதான் முதல் பரீட்சை, பத்து மணிக்கு. இப்போது எட்டேகால். இதை அவன் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்றுமுன் ஒரு தாளில் அவன் பெயரை மட்டும் எழுதி, முழங்காலிட்டு, சபையில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தேன்.

"தப்பு என்னுதுதாம்லே. மார்க் எப்படியும் வரட்டும். நீ வா" என்றேன்.

பெயர் வாசித்தால் பிள்ளை முன்னே வர வேண்டும். அதுதான் வழக்கம்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவன் எழுந்து

இல்லை. அவன் முடிவை அவனுக்கு முந்தி அந்தப் பட்டியலில் ஒருமுறை எழுதிவிட்டுத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு முறை எழுதமாட்டேன். நீங்களும் எழுதிவிடாதீர்கள், வாசகரே. ஹால் டிக்கெட் என் கையில் இருக்கிறது. கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.