துரை பங்களாத் தொட்டி

1943 சித்திரையில், மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், மாயாண்டியை ஏற்றிய லாரி தோட்ட எல்லையைத் தாண்டியதும் துரை பங்களாவின் கக்கூஸ் தொட்டி பொங்கி மாடிப்படி ஏறத் தொடங்கியது. லாரி போகும் மைலுக்கு ஒரு படி.

பதினொரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டவர் மாயாண்டி. சமையல் எண்ணெய், கந்தல் துணி, சோப்புத் தண்ணீர் எதையும் உள்ளே விடமாட்டார். பக்கத்தில் மரம் வைத்தால் வேர் குழாயைத் தேடி வரும் என்று சண்டைக்குப் போவார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அள்ளும்போதும், தயிருக்கு உறை வைப்பதுபோல அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஜப்பான் அதிகாரி குடியேறிய பிறகும் தொட்டியிலிருந்து வாடை வந்ததில்லை. வாடையே இல்லாத தொட்டிக்கு ஆள் எதற்கு என்று அதிகாரி நினைத்தான். சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு நாற்பது பேர் கேட்டு வந்த பட்டியலில் மாயாண்டியையும் சேர்க்கச் சொன்னான். ஒழுங்காக வேலை செய்தவனுக்கு வேலையே இல்லை என்று பெயர்.

அவர் மனைவி மங்கம்மா லாரி வருமுன்பே ஏழு மாத வயிற்றோடு, பட்டியல் எழுதும் தோட்டக் கணக்கர் கிராணி தம்பிராஜாவிடம் போய், புருஷன் பெயரை அழிக்கச் சொல்லி நின்றாள். சயாம் போனவர்கள் திரும்பியதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"நான் அதை அழிச்சா என்ர பேர்தான் அங்க ஏறும், பிள்ளை," என்றார் அவர். அது பொய்யில்லை.

தொட்டி பொங்கியதும், ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டை ஜாடியோடு கவிழ்க்கச் சொன்னான் அதிகாரி. மகா தப்பு. உள்ளே வேலை செய்த நுண்ணுயிரெல்லாம் செத்தன. கழிவு ரப்பர்போல ஷீட் ஷீட்டாக உறைந்து, குழாய் வழியே வந்து, கூடத்தில் தானே அடுக்கிக்கொண்டது. ஒன்பதாம் படியில் ஏற்றம் நின்றது. மைலையும் படியையும் ஒத்துப் பார்த்த கிராணி, லாரி சிரம்பான் ஸ்டேஷனை அடைந்திருக்கும், ரயில் கிளம்பினால் மிச்சப் படியும் ஏறும் என்றார். அதிகாரியின் கட்டில் மாடியில் கிடந்தது.

அதிகாரியின் மோட்டார் கார் போய் மாயாண்டியைக் கூட்டிவந்தது. அவர் நெருங்க நெருங்கத் தொட்டி இறங்கியது. ஒரு கூடைச் சாணத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, "எங்கயும் போகல லா, அடங்கு," என்றார். அதிகாரி தன் கையாலேயே பட்டியலில் அவர் பெயரை அடித்தான். மற்ற முப்பத்தொன்பது பேரும் போனார்கள்.

மறுவாரமே கூலிக்காரர் குடியிருந்த லயத்துப் பெண்கள் வீட்டுக்கு வீடு குழி தோண்டி, மாயாண்டியைக் கேட்டுக் கேட்டுக் கக்கூஸ் தொட்டி கட்டி, பார்த்துக்கொள்ளும் வேலையைப் புருஷன்மார் தலையில் கட்டினார்கள். தை மாதம் அடுத்த பட்டியல் வந்தது. அதிகாரி லயத்தின் பின்பக்கம் நடந்து தொட்டிகளை எண்ணினான். ஒன்று குறையாமல் வீட்டுக்கு ஒன்று இருந்தது, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தான். லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினான்.