நடுவழியில் நின்ற ரயில்

ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் பல்சக்கர ரயில் நடுவழி நிலையத்தில் நின்றுகொண்டே இருந்தது. பனியில் படம் பிடிக்க இறங்கிய சுற்றுலாக்காரர்கள் ஏறுவதாகத் தெரியவில்லை. ஃப்ளுரினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே பள்ளத்தாக்கில், இதே ரயிலுக்கு நேர அட்டவணை போடும் வேலைக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் நேர்காணல். எந்நாளும் சறுக்கியே இறங்குகிறவள், "இன்னிக்காவது பட்டதாரி மாதிரி ரயில்ல போடி" என்று அம்மா சொன்னதைக் கேட்டு, பனிச்சறுக்குப் பலகைகளை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"எப்ப மாமா கிளம்பும்?"

"அவங்க ஏறினதும்தான்," என்றார் கண்டக்டர் லுத்சி. "படிச்ச புள்ளைக்குப் பொறுமையே இல்லையே!"

"நானும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறினேன். உங்க பலகையக் குடுங்க."

வேலை முடிந்து வீட்டுக்குச் சறுக்கிப் போக, ரயில்காரர்கள் சரக்குப் பெட்டியில் பலகையும் பூட்ஸும் வைத்திருப்பார்கள்.

"அடியே, என் பூட்ஸ் உனக்குப் படகுடி!"

"துணி அடைச்சுக்கிறேன்."

கழுத்துத் துண்டையும் கையுறையையும் பூட்ஸுக்குள் திணித்து, தன் காலணிகள் ரயிலிலேயே கிடக்க, தண்டவாளத்தை ஒட்டிய சரிவில் பாய்ந்தாள். இரண்டு முறை விழுந்தாள். இஸ்திரி போட்ட கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது.

நேர்காணல் அறைக்குள் தடக் தடக்கென்று நுழைந்தாள். அதிகாரி பூட்ஸையே பார்த்தார்.

"நம்ம ரயில்ல வரலியாம்மா?"

"அது இன்னும் மேலதான் சார் நிக்குது. வேலையக் குடுங்க, கிளப்பிக் காட்டுறேன்."