குறட்டை நிற்கும் நேரம்

குறட்டை விடும் புருஷனைப் பற்றி அலுத்துக்கொள்ளும் பெண்களைக் கண்டால் புவாலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். குறட்டை விடுகிறான் என்றால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அதற்குப் போய் இத்தனை சலிப்பா? அந்தச் சத்தத்தால் அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அது நிற்கிற நேரம்தான் அவளுக்கு எமன்.

அவள் புருஷன் தோங்தி ரப்பர் பால் வெட்டுகிறவன். ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. ஊர் அடங்கியபின் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள், வெயில் ஏறும்போது வந்து சாப்பிட்டுப் படுப்பார்கள். அதனால் அந்த ஊரில் குறட்டைக் கச்சேரியெல்லாம் பட்டப்பகலில்தான். தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், நிழலில் போட்ட மூங்கில் கட்டிலில் தோங்தி படுப்பான். கொஞ்ச நேரம் லாரி மேடேறுகிற மாதிரி சத்தம் வரும். திடீரென்று நின்றுவிடும். மார்பும் வயிறும் மட்டும் தவிக்கும், மூக்கிலும் வாயிலும் காற்றே வராது. உதடு கறுக்கும். புவாலா அவன் தோளைப் பிடித்து உலுக்குவாள். அவன் மூச்சை வெடுக்கென்று இழுத்து, "என்னடி?" என்று ஒரு கண்ணைத் திறந்துவிட்டுத் திரும்பவும் தூங்கிப்போவான். லாரி மறுபடி கிளம்பும்.

போன மழைக்காலத்தில் ஊரில் இரண்டு ஆண்கள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். நோய் நொடி கிடையாது. கையில் ஒட்டும் அரிசிச் சோறும் சுட்ட மீனும் சாப்பிட்டு, பேசிச் சிரித்துவிட்டுப் படுத்தவர்கள். இரண்டாவதாகப் போனவன் தோங்தியின் கூடப்பிறந்த அண்ணன். கைம்பெண் பேய் வந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. துணைக்கு ஆள் தேடி அலைகிற பேய் அது, தூங்குகிற ஆம்பிளையாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகும். அதை விரட்ட வாசலுக்கு வாசல் சிவப்புச் சட்டை தொங்கியது. படுக்கப் போகும் புருஷன்மாருக்குப் பெண்டாட்டிகள் விரல் நகத்தில் சிவப்புச் சாயம் பூசினார்கள். பேய் வந்து பார்த்தால் பொம்பிளை என்று ஏமாந்து திரும்பிவிட வேண்டும். தொப்பையும் பச்சைகுத்தலுமாக ஆண்கள் விரல்களை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலா இருந்தார்கள்?

பக்கத்து வீட்டு சோம்ஜித்துக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. பகலெல்லாம் சந்தையில் பப்பாளிக்காயும் மிளகாயும் விற்கிறவள், பேச்சிலும் அந்தக் காரம் இருக்கும்.

"நீ எவ்வளவு சாயம் பூசி என்னக்கா பிரயோஜனம்? பேய்க்குக் கண்ணு மட்டுமா இருக்கு, காது இல்லையா? உன் வீட்டுக்காரரு விடுற குறட்டையக் கேட்டா, வேற ஊருக்குக் கிளம்பின பேய்கூட வழிய மாத்திக்கிட்டு இங்க வந்துரும்."

"வாயக் கழுவுடி."

"என் ஆளப் பாரு. வினாயும் பால் வெட்டிட்டு வந்துதான் படுக்குறாரு, படுத்தா பூனைக்குட்டிதான். சத்தமே கேக்காது."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். புவாலாவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. சத்தம் போட்டால் பேய் வந்துவிடுமோ என்று ஒரு பயம், சத்தம் நின்றால் வந்தே விட்டதோ என்று ஒரு பயம். இரண்டுக்கும் நடுவே கிடந்து அவள் பாதியாக இளைத்துப்போனாள்.

அந்தச் சமயத்தில் தோங்தியின் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்தது. வாரத்துக்கு ஒருநாள் சுகாதார நிலையத்துக்குப் பல் டாக்டர் வருவார். அரன்யா என்று பெயர், டவுனில் படித்து வந்த சின்னப் பெண். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த தோங்தி, டாக்டர் பல்லைக் குடைய ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிட்டான். அந்த மிஷின் காதுக்குள் போடுகிற கூச்சலில் வேறு யாருக்காவது தூக்கம் வருமா? அவனுக்கு வந்தது. குறட்டை கிளம்பியது. பிறகு நின்றது.

வாசலில் நின்ற புவாலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டரம்மா, உலுக்குங்க! அவரப் புடிச்சு உலுக்குங்க!"

அரன்யா உலுக்கவில்லை. மிஷினை நிறுத்தினார். தோங்தியின் கீழ்த்தாடையை இரு கையாலும் பிடித்து மெதுவாக முன்னால் தள்ளினார். அவ்வளவுதான். எதுவோ திறந்துகொண்ட மாதிரி காற்று சரசரவென்று உள்ளே போனது. அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

புவாலா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இது எத்தனை நாளா இருக்கு, அக்கா?" என்று அரன்யா கேட்டார்.

"மக மாலி பொறந்ததிலேர்ந்து. இப்ப ரொம்ப மோசம். அது வந்து... அந்தக் கைம்பெண்..." அவள் தோங்தியின் சிவப்பு நகங்களைக் காட்டினாள்.

டாக்டர் அவன் நகங்களைப் பார்த்தார். கேலி செய்வார் என்று புவாலா எதிர்பார்த்தாள். அவர் செய்யவில்லை. "உங்க ஊர்ல செத்தவங்க எதனால செத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். ஆனா இவருக்கு என்ன நடக்குதுன்னு கண்ணால பாத்துட்டேன். தாடை சின்னது, கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. நாக்கு பெருசு, ஓரமெல்லாம் பல்லுத் தடம். தூங்கினதும் நாக்கு பின்னால விழுந்து தொண்டைய அடைச்சுக்குது. மூச்சுக்குத் தவிச்சு பல்ல நறநறன்னு கடிக்கிறாரு, அதான் இந்தப் பல்லு பிளந்திருக்கு."

"அடைச்சா?"

"உடம்பு திணறும். ராத்திரி பகல்னு இல்ல, தூங்கும்போதெல்லாம் திணறும். நாளாக ஆக இருதயத்துக்குக் கெடுதல். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது தூங்கி விழறாரா?"

போன மாதம்தான் தோங்தி வண்டியோடு வாய்க்காலில் இறங்கியிருந்தான். சாராயம் குடித்திருப்பான் என்று ஊரே சொன்னது. புவாலாவும் அப்படித்தான் திட்டினாள்.

முதலில் சோதனை செய்ய வேண்டும் என்றார் அரன்யா. மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்னக் கருவி வந்தது. மார்பில் ஒரு பெல்ட், மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். மாட்டிக்கொண்டு வழக்கம்போல வீட்டில் தூங்க வேண்டியதுதான். அன்றைக்கு இல்லாத பயமா! மிஷினெல்லாம் மாட்டிப் படுக்கிறவனைப் பேய் விட்டுவைக்குமா என்று புவாலா பத்து விரலிலும் இரண்டு பூச்சு கூடுதலாகவே பூசினாள். ஒவ்வொரு முறை மூச்சு நின்றபோதும் ஓடிப்போய் உலுக்கினாள்.

கருவியின் பதிவைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், இதில் ஒன்றும் சரியாகப் பதியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அரன்யா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். அந்தக் கிளிப் வெளிச்சத்தை விரலுக்குள்ள அனுப்பி ரத்தத்தைப் பாக்கும். இவ்வளவு கெட்டியா பூசினா அதுக்குத் தெரியாது. அப்புறம், நடுவுல எழுப்பினீங்களா?"

"எழுப்பாம? செத்துப் போகட்டும்னு பாத்துக்கிட்டு உக்காரவா?"

"இந்தத் தடவை எழுப்பக் கூடாது, அக்கா. அவரு உடம்பே அவர எழுப்பும். அவரு படுத்திருக்கும்போது நீங்க கண்ணயர்ந்தா அவர யாரு எழுப்புறாங்க? தானாத்தானே எழுந்துக்கறாரு?"

"நான் எங்க டாக்டரம்மா தூங்குனேன்?"

அரன்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு விரலில் மட்டும் சாயத்தை எடுத்தால் போதும் என்று பேசி முடிவானது. அந்த ஒரு நகம் போதுமே பேய்க்கு என்று புவாலா முனகினாள். அந்த நகத்தைக் கிளிப்பே மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். அது புவாலாவுக்கு நியாயமாகப் பட்டது.

இரண்டாவது சோதனை நடந்த பகலை அவள் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டாள். மாலி பள்ளிக்கூடம் போயிருந்தாள். வெயில் கொளுத்தியது, கோழிகூட நிழலைவிட்டு அசையவில்லை. தோங்தி பெல்ட்டும் குழாயுமாகப் படுத்தான். புவாலா கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

குறட்டை வந்தது. ஏறியது. நின்றது.

கை தானாக வெளியே வந்தது. அவள் அதைத் திரும்ப அடியில் திணித்தாள். அவன் வயிறு குழிந்து குழிந்து எழுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. காற்று இல்லை. இன்னும் இல்லை. உதட்டின் நிறம் மாறுவது அவளுக்குத் தெரிந்தது. பாவாடை நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். ஐயோ, டாக்டர் பேச்சைக் கேட்டு என் கையாலேயே இவனைக் கொல்லுகிறேனே! நாளைக்கு மாலி கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா சொல்வேன்? அவள் எழுந்தேவிட்டாள். கை அவன் தோளுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

அவன் உடம்பு முழுதும் ஒருமுறை தூக்கிப்போட்டது. வெடுக்கென்று மூச்சு உள்ளே போனது. கண் திறக்கவில்லை. குறட்டை மறுபடி ஆரம்பித்தது.

புவாலா சத்தம் வராமல் அழுதாள். அவள் கண்ணீர் காய்வதற்குள் மறுபடி நின்றது. பிறகு மறுபடி. உலுக்கி உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்த வருஷங்களில் இது எத்தனை முறை நடக்கிறது என்று அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. பேய் என்றால் ஒருமுறை வரும், கூட்டிக்கொண்டு போகும், கதை முடிந்தது. இது போவதும் வருவதுமாக அவன் தொண்டையிலேயே குடியிருந்தது. அதுதான் அவளை இன்னும் நடுங்க வைத்தது.

இந்தத் தடவை எல்லாம் சரியாகப் பதிந்திருந்தது. நோய் மிதமான கட்டத்தில் இருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முகத்தில் மாட்டிக் காற்று ஊதுகிற மிஷின் ஒரு வழி. ஆனால் தோங்தி வாரத்தில் பாதி நாள் ராத்திரி வேலைக்கு நடுவே தோட்டத்துக் குடிசையிலும் கண்ணயர்வான், அங்கே கரண்ட் கிடையாது. பல்லில் மாட்டுகிற அச்சும் இவனுக்குப் பலன் தரலாம் என்று அவர் அரன்யாவிடமே அனுப்பினார். அரன்யா பிசுபிசுவென்று எதையோ வாயில் வைத்து மேலும் கீழும் அளவெடுத்தார். சில வாரத்தில் இரண்டு அச்சுகள் வந்தன. மேல்பல்லில் ஒன்று, கீழ்ப்பல்லில் ஒன்று, மாட்டினால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். அன்றைக்கு நாற்காலியில் டாக்டர் கையால் செய்ததை இது தூக்கம் முழுக்கச் செய்யும்.

தோங்தி கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சண்டைக்கு நிக்கிற நாய் மாதிரி இருக்கேன்," என்றான்.

"உயிரோட இருக்கிற நாய்தானே, இருந்துட்டுப் போ," என்றாள் புவாலா.

முதல் வாரம் எச்சில் ஒழுகியது, தாடை வலித்தது, சோறு மெல்ல முடியவில்லை என்று புலம்பினான். அரன்யா ஒவ்வொரு தடவையும் கீழ் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினார், ஒரேயடியாக இழுக்கவில்லை. இந்த அச்சைப் போட்டுக்கொண்டே இன்னொரு சோதனையும் செய்தாக வேண்டும், சத்தம் போய்விட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

பௌர்ணமி விரத நாள் வந்தது. சந்தை கிடையாது. காலையில் விகாரைக்குப் போய்ச் சோறு படைத்துவிட்டு வந்து, தோங்தி அச்சை மாட்டிப் படுத்தான். புவாலா பழைய இடத்தில் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை. அவள் பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். அவன் மூக்கிலிருந்து காற்று வந்து அவள் கன்னத்தில் பட்டது. மார்பு நிதானமாக ஏறி இறங்கியது. அவள் காத்திருந்தாள், அது நிற்கவில்லை. இன்னும் காத்திருந்தாள். நிற்கவில்லை.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் வீடு பகலில் அமைதியாக இருந்தது. ஓலை அசைவது கேட்டது. எங்கோ ஒரு ரேடியோ கேட்டது. தூண்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

அப்போது வேலிக்கு அந்தப்பக்கமிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. வினாய். பூனைக்குட்டியாம்! இத்தனை நாள் தோங்தியின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்திருக்கிறது என்று நினைத்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

குறட்டை நின்றது.

புவாலாவின் கண்கள் திறந்துகொண்டன. இந்த நிற்பு அவளுக்குத் தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்குத் தெரியும். டாக்டர் சொன்னதை நினைத்துத் தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டாள். தானாக எழுந்துகொள்ளும், உடம்பே எழுப்பும். காத்திருந்தாள். தோங்தி எவ்வளவு தாமதித்தாலும் இதற்குள் திரும்பியிருப்பான். ரேடியோவில் பாட்டு முடிந்து வேறு பாட்டு ஆரம்பித்தது.

அவள் ஓடினாள். வேலி முள் காலைக் கிழித்தது தெரியவில்லை. வினாய் மல்லாந்து கிடந்தான், வாய் திறந்திருந்தது, முகம் மண் நிறம். உலுக்கினாள். தலை ஆடியது. அறைந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"சோம்ஜித்! ஏய் சோம்ஜித்!"

சோம்ஜித் மேலேயிருந்து படி இறங்கி வந்தாள், வரும்போதே சிரித்துக்கொண்டு. "உன் ஆளு சத்தம் நின்னு போச்சுன்னு இப்ப என் ஆளத் தொல்லை பண்ண வந்துட்டியாக்கா?" கடைசிப் படியில் அவள் சிரிப்பு நின்றது.

வினாயின் தொண்டையில் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். காற்று போனது. அவன் இருமினான், கண்ணை விழித்தான், இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன ஆச்சு?" என்றான்.

புவாலாவின் கைகள் இன்னும் அவன் தாடையை விடவில்லை.

சோம்ஜித் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "தினமும் நான் சந்தைக்குப் போனப்புறம்," என்றாள் மெதுவாக, "இவரு மூச்சு இப்படித்தான் நின்னுக்கிட்டு இருந்துச்சாக்கா?"